காசநோய்க்கு நாக்கு ஸ்வாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்ச் சந்தேகம் வந்தால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, "நல்லா இருமி, சளியைத் துப்பிக் கொண்டு வாங்க" என்று சொல்வதுதான் நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அந்த டப்பாவுக்குப் பதில் ஒரு குச்சியை நாக்கில் தேய்த்து எடுத்தாலே போதுமா என்ற கேள்வி சில ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. சோதனைக்குப் போகிறவர்களும் அவர்களை அழைத்துப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

நாக்கு ஸ்வாப் என்றால் என்ன?

கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் விட்டு எடுத்த குச்சி நினைவிருக்கும். ஏறக்குறைய அதே மாதிரிக் குச்சிதான். அதை நாக்கின் மேற்பரப்பில் அழுத்தித் தேய்த்து, ஒட்டி வருவதை மூலக்கூறு சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். சளி தேவையில்லை, இருமவும் வேண்டாம்.

நோய் நுரையீரலில் இருக்கிறது. கிருமி நாக்குக்கு எப்படி வருகிறது?

இருமும்போது வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. இன்னொரு பாதி, இருமாமலும் வருகிறது என்பது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிக நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை இரவும் பகலும் அசைந்து, உள்ளே படியும் தூசியையும் கோழையையும் தொண்டைப் பக்கமாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நுரையீரலில் காசநோய் இருந்தால் அந்தக் கோழையோடு கிருமிகளும் ஏறி வரும். வழியில் சில நாக்கில் தங்கிவிடும்.

நாக்கின் மேற்பரப்பு வழவழப்பான தோல் அல்ல. கம்பளி விரிப்பைப் போல அடர்த்தியான சிறு முளைகள் நிறைந்தது. அவற்றுக்கிடையே வாயில் வாழும் பாக்டீரியாக்கள் ஒரு படலமாகப் படிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் கிருமி அதில் சிக்கிக்கொள்ளும். அது அங்கே வளர்வதில்லை, குடியிருப்பதும் இல்லை. போகிற வழியில் ஒட்டிக்கொண்டதுதான். எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

சளிச் சோதனைக்கு என்ன குறை வந்தது?

சோதனைக்குக் குறை இல்லை. சளி கிடைப்பதில்தான் சிக்கல். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கெட்டியான கோழை வேண்டும். பலருக்கு, முக்கியமாக நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு, வறட்டு இருமல்தான் இருக்கும். குழந்தைகளுக்குக் காறித் துப்பத் தெரியாது. வந்ததை விழுங்கிவிடுவார்கள். முதியவர்களுக்கும் உடல் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் இழுத்து இருமத் தெம்பு இருக்காது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் பலருக்குச் சளியே குறைவு. நாலு பேர் பார்க்க இருமித் துப்பக் கூச்சப்படுகிறவர்கள் வெறும் எச்சிலை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த டப்பாவும் சோதனைக்குப் போகும், "நெகட்டிவ்" என்றும் வரும். அது நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்லாத நெகட்டிவ்.

இன்னொன்று, பேசப்படாதது: சளி எடுக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். நோயாளியை வேண்டுமென்றே பலமாக இருமச் சொல்கிறோம். காற்றில் பரவும் நோய் இது. பக்கத்தில் நிற்கும் ஊழியர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். அதனால்தான் திறந்த வெளியிலோ தனியாக அமைத்த அறையிலோ சளி எடுக்கச் சொல்கிறார்கள். நாக்கில் குச்சி தேய்க்க இருமல் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டார்கள். 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் நோய் கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் சுமார் 82 லட்சம். இடையில் விடுபட்ட 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் சளி வராததால் விடுபட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடைவெளிக்குச் சளி டப்பாவும் ஒரு காரணம்.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் காஞ்சலோசியின் ஆய்வுக் குழு இதில் முன்னோடி. அவர்கள் 2015-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த 20 காசநோயாளிகளில் 18 பேரின் வாயிலிருந்து எடுத்த ஸ்வாபில் கிருமியின் டி.என்.ஏ. தெரிந்தது. அப்போது கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தார்கள். 2019-ல் தென்னாப்பிரிக்காவிலேயே 138 நோயாளிகளிடம் ஆளுக்கு இரண்டு நாக்கு ஸ்வாப் எடுத்துப் பார்த்தார்கள். சளியில் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் என்ற தானியங்கி இயந்திரம் காட்டிய நோயாளிகளில் 92.8 சதவீதம் பேரை நாக்கு ஸ்வாபும் காட்டியது. நோய் இல்லாதவர்களில் 91.5 சதவீதம் பேரைச் சரியாக "இல்லை" என்றது. முதல் எண் உற்சாகம் தந்தது. இரண்டாவது கவலை தந்தது. ஏன் கவலை என்பதைத் தவறான பாசிட்டிவ் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

கன்னம், ஈறு, எச்சில் எல்லாம் இருக்க, நாக்கு எதற்கு?

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் கன்னத்தைவிட நாக்கில்தான் கிருமியின் டி.என்.ஏ. அதிகம் கிடைத்தது. எச்சில் தொடர்ந்து சுரந்து, கழுவி, விழுங்கப்படும் நீர். அதில் எதுவும் நிலைத்து நிற்காது. நாக்கு பிடித்து வைத்துக்கொள்ளும்.

சளிச் சோதனை அளவுக்கு இதை நம்பலாமா?

ஒரே ஆளிடம் நல்ல சளியும் நாக்கு ஸ்வாபும் கிடைத்தால், சளிதான் ஜெயிக்கும். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

காரணம் அளவு. சளிச் சோதனைக்கு ஒரு மில்லிலிட்டரோ அதற்கு மேலோ மாதிரி போகிறது. குச்சியில் ஒட்டி வருவது அதில் மிகச் சிறிய பங்கு. அதிலும் அது நோய் இருக்கும் இடத்திலிருந்து வந்தது அல்ல, வழியில் சிந்தியது. ஆகவே நுரையீரலில் கிருமி ஏராளமாக இருப்பவர்களிடம், அதாவது மைக்ரோஸ்கோப்பிலேயே கிருமி தெரியும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம், நாக்கு ஸ்வாப் சளிக்கு நெருக்கமாக வருகிறது. கிருமி குறைவாக உள்ளவர்களிடம் பின்தங்குகிறது. ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் வேறுபடுவதன் பெரிய ரகசியம் இதுதான். முற்றிய நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் நடந்த ஆய்வு அழகான எண் தரும். ஊருக்குள் போய் ஆரம்ப நிலை நோயாளிகளைத் தேடிய ஆய்வு அடக்கமான எண் தரும். "இத்தனை சதவீதம் துல்லியம்" என்று எங்காவது படித்தால், யாரிடம் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அதோடு எதோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். ஜீன் எக்ஸ்பர்ட்டோடு ஒப்பிட்டால் ஒரு எண், அதைவிட நுட்பமான கல்ச்சரோடு, அதாவது கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிட்டால் அதைவிடக் குறைந்த எண்.

துல்லியம் குறைவு என்றால் பிறகு எதற்கு இது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. காசநோய் உள்ள 100 பேர் வருகிறார்கள். 70 பேரால் சளி தர முடிகிறது, 30 பேரால் முடியவில்லை. சளிச் சோதனை 85 சதவீதம் பேரைப் பிடிக்கும் என்றால், 70 பேரில் சுமார் 60 பேர் பிடிபடுவார்கள். மீதி 30 பேருக்குச் சோதனையே நடக்கவில்லை.

இப்போது சளியை விட்டுவிட்டு எல்லோருக்கும் நாக்கு ஸ்வாப். சளி வரும் 70 பேரில் 80 சதவீதத்தை அது காட்டுகிறது என்று வைத்தால் 56 பேர். சளி வராத 30 பேரிடம் பொதுவாகக் கிருமியும் குறைவு. அங்கே 40 சதவீதம்தான் தேறும் என்று கஞ்சத்தனமாகவே வைப்போம், 12 பேர். மொத்தம் 68. மட்டமான சோதனை என்று சொல்லப்பட்டதுதான் அதிகம் பேரைக் கண்டுபிடித்திருக்கிறது, ஏனென்றால் அது யாரையும் வாசலில் திருப்பி அனுப்பவில்லை.

இரண்டையும் சேர்த்தால்? சளி வருகிறவரிடம் சளி, வராதவரிடம் குச்சி. 60-உம் 12-உம் 72. என் பார்வையில் பேச வேண்டிய எண் இதுதான். "சளிக்குப் பதிலாக ஸ்வாப்" என்று தலைப்புகள் ஓடுகின்றன. "சளி இல்லாத இடத்தில் ஸ்வாப்" என்பதே சரியான வாசகம். நன்றாகச் சளி வருகிறவரிடம், எடுக்கச் சுலபம் என்பதற்காக மட்டும் குச்சியோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு நஷ்டம்.

ஸ்வாப் நெகட்டிவ் என்றால் டி.பி. இல்லை என்று அர்த்தமா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுவது, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம் என்று அறிகுறி இருந்தால் நெகட்டிவ் தாளை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் உப்பு நீராவி பிடித்துச் சளி வரவழைப்பது, கல்ச்சர் என்று மருத்துவர் அடுத்த படிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "இது நாக்கில் எடுத்ததுதானே டாக்டர், வேறு எப்படி உறுதி செய்வது?" இதைக் கேட்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

நோய் இல்லாமலே பாசிட்டிவ் வருமா?

வரலாம். எவ்வளவு என்பது சோதனை முறையைப் பொறுத்தது. 2019 ஆய்வின் 91.5 சதவீதம் ஏன் கவலை தந்தது என்று இப்போது பார்ப்போம். ஒரு ஊரில் அறிகுறி பார்க்காமல் 1,000 பேரைச் சோதிக்கிறோம், அதில் உண்மையான நோயாளிகள் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை 98 சதவீதம் சரியாக "இல்லை" சொல்லும் தரத்தில் இருந்தாலும்கூட, நோயற்ற 990 பேரில் சுமார் 20 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். உண்மை நோயாளி 10, பொய்ப் பாசிட்டிவ் 20. அதே சோதனை 91.5 சதவீதம் என்றால் பொய்ப் பாசிட்டிவ் 84 ஆகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் சொந்தமாக அமைத்த பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும்) முறைகளில் இந்தத் தொல்லை அதிகம். எல்லாம் ஒரே பெட்டிக்குள் மூடி நடக்கும் தானியங்கி இயந்திரங்களில் ஸ்வாபை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வுகளில் பொய்ப் பாசிட்டிவ் நன்றாகக் குறைந்தது. வாயில் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக்காரக் கிருமிகளும் இருக்கலாம். நல்ல சோதனை காசநோய்க் கிருமிக் குடும்பத்துக்கே உரிய மரபுப் பகுதியைத் தேடுவதால் அவற்றைக் கண்டு ஏமாறுவதில்லை.

எப்படி எடுப்பார்கள்? வலிக்குமா?

வலிக்காது. நாக்கை வெளியே நீட்டச் சொல்வார்கள். முன்புறத்திலிருந்து உள்நோக்கி, எட்டுமட்டும் பின்னால் போய், குச்சியை உருட்டிக்கொண்டே அழுத்தித் தேய்ப்பார்கள். கால் நிமிட வேலை. ரொம்ப உள்ளே போனால் குமட்டும், அவ்வளவுதான். லேசாகத் தொட்டு எடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நாக்கில் படிந்திருக்கும் மாவு போன்ற படலம் குச்சியில் ஏற வேண்டும். தேய்த்த முனை வேறு எதிலும் படாமல் குழாய்க்குள் போட்டு, குச்சியை உடைத்து மூடிவிடுவார்கள்.

போவதற்கு முன் பல் துலக்கலாமா, சாப்பிடலாமா?

எடுக்கும்வரை வேண்டாம் என்பதே பாதுகாப்பான வழி. தேடுவதே நாக்கின் படலத்தை. அதை வழித்துப் போட்டுவிட்டு, மவுத்வாஷால் கொப்பளித்துவிட்டுப் போனால் எதைத் தேய்ப்பார்கள்? காலையில் எழுந்ததும், நாக்கு வழிப்பதற்கு முன் எடுப்பது நல்லது. அது முடியாவிட்டால், சாப்பிட்டுக் குடித்துக் குறைந்தது அரை மணி நேரமாவது கழியட்டும்.

நானே எடுத்துக்கொள்ளலாமா?

செய்முறை அவ்வளவு எளிது. ஊழியர் பார்த்துக்கொண்டிருக்க நோயாளியே எடுப்பது சிரமமில்லை. ஆனால் வீட்டில் எடுத்து, வீட்டிலேயே முடிவு பார்க்கும் கர்ப்பச் சோதனைப் பட்டை மாதிரி இதை நினைக்காதீர்கள். குச்சி இயந்திரத்துக்குப் போயாக வேண்டும்.

குச்சியை எந்த இயந்திரத்தில் போடுவார்கள்? இது சளியைவிட எளிதா?

கிருமிகள் குறைவு என்ற ஒரு குறையைத் தவிர, ஆய்வுக்கூடக்காரர் பார்வையில் குச்சி ஒரு வரம். சளி பசை மாதிரி இழுபடும். ஆளுக்கு ஆள் கெட்டி மாறும், ரத்தமும் சீழும் கலந்திருக்கும். அதை ரசாயனம் ஊற்றிக் கரைத்து, கிருமியைக் கொன்று, பி.சி.ஆரைக் கெடுக்கும் பொருட்களைக் கழுவி நீக்கி, அதற்குப் பிறகுதான் டி.என்.ஏ.வைத் தேட முடியும். காசநோய்ச் சோதனை இயந்திரங்கள் விலை கூடியதாகவும் சிக்கலானதாகவும் ஆனதற்கு இந்தப் பசையை அடக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

ஸ்வாபில் அந்தத் தொல்லை இல்லை. குச்சியைச் சிறிது திரவத்தில் சுழற்றி, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சில நிமிடம் வைத்தால் கிருமி செத்துவிடும். காசநோய்க் கிருமியின் மெழுகு பூசிய தடித்த சுவரைச் சூடு மட்டும் முழுதாக உடைத்துவிடாது. அதனால் சில முறைகளில் நுண்ணிய மணிகளைப் போட்டுக் குலுக்கியும் உடைக்கிறார்கள். அப்புறம் அந்தத் திரவம் நேராகச் சோதனைக்குள் போகலாம். ஏற்கெனவே உள்ள ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் போன்ற இயந்திரங்களிலும் ஸ்வாபை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஜீன் எக்ஸ்பர்ட்டும் ட்ரூநாட்டும் சளியை மனதில் வைத்துக் கட்டியவை. நாக்கு ஸ்வாபின் உண்மையான பலம், கையடக்கமான, மின்கலத்திலும் ஓடக்கூடிய, குறைந்த விலைச் சிறு இயந்திரங்களுக்கு அது வழி திறப்பதில் இருக்கிறது. முடிவு மணிக்கணக்கில் வராமல், நோயாளி காத்திருக்கும்போதே வந்துவிட்டால், "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அவரை இழப்பது நிற்கும்.

குச்சியில் வந்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாதா?

முடியாது. ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியும். குச்சியில் அவ்வளவு இருக்காது. கல்ச்சரும் ஒத்துவராது. காசநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வாயில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் பெருகி வளர்ப்பு ஊடகத்தையே மூடிவிடும். ஆகவே குச்சிக்கு மூலக்கூறு சோதனை ஒன்றுதான் வழி.

மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யா என்று இதில் தெரியுமா?

கிருமி நிறைய இருந்தால் தெரியலாம். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைக் கண்டுபிடிக்க அதற்குரிய மரபணுவைப் படித்தாக வேண்டும். அந்த மரபணு ஒரு கிருமிக்கு ஒன்றுதான். நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜீன் எக்ஸ்பர்ட்டின் புதிய வடிவமான அல்ட்ரா போன்ற சோதனைகள் தேடும் மரபுப் பகுதியோ ஒரே கிருமியில் பல பிரதிகளாக இருக்கும். அதனால் குச்சியில் "கிருமி இருக்கிறது" என்று வந்து, "மருந்து வேலை செய்யுமா" என்ற இடத்தில் பதில் இல்லாமல் போவது சகஜம். ஸ்வாப் பாசிட்டிவ் வந்த பிறகும் சளி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். எந்த மருந்து என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இது பெரிய உதவியாக இருக்குமே?

இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்பட்டோம். இப்போது குழந்தைகளுக்குச் செய்வதைப் பார்த்தால் அந்த ஆசை புரியும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு, இரவு முழுக்க விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். குழந்தையும் அழும், பெற்ற தாயும் அழுவாள்.

ஆனால் குழந்தைகளின் காசநோயில் கிருமி எண்ணிக்கையே மிகக் குறைவு. சளியிலேயே பல நேரம் அகப்படாதது நாக்கில் எளிதாக அகப்படாது. ஆய்வுகளில் குழந்தைகளிடம் ஸ்வாபின் திறன் பெரியவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. பாசிட்டிவ் வந்தால் அது தங்கம். நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பு சொற்பம். குழந்தைகளுக்கு மலத்தில் செய்யும் மூலக்கூறு சோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே பரிந்துரைத்திருக்கிறது. விழுங்கிய சளி கடைசியில் அங்குதானே போகிறது. எதுவும் பிடிபடாவிட்டாலும், அறிகுறி, எக்ஸ்ரே, வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா என்பதை வைத்து மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம். அது தவறான நடைமுறை அல்ல.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு?

ஸ்வாப் உதவும், ஆனால் தனியாக அல்ல. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு, சிறுநீரில் கிருமியின் சுவர்ப்பொருளைத் தேடும் லாம் என்ற பட்டைச் சோதனை உண்டு. சுமார் அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும். ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும்.

கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, மூளை டி.பி.க்கு?

பயன்படாது. அங்கிருந்து நாக்குக்குக் கிருமி வரப் பாதை இல்லை. அந்தந்த இடத்திலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் தொற்றையும் இது காட்டாது. அதற்கு மாண்டூ போன்ற தோல் சோதனையோ இக்ரா ரத்தச் சோதனையோதான்.

மருந்து சாப்பிட்டு வருகிறேன். குணமாகிறதா என்று ஸ்வாபில் பார்க்கலாமா?

வேண்டாம். மூலக்கூறு சோதனைக்குச் செத்த கிருமியும் உயிருள்ள கிருமியும் ஒன்றுதான், இரண்டிலும் டி.என்.ஏ. இருக்கிறது. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாசிட்டிவ் வந்து உங்களைக் கலங்கடிக்கும். சிகிச்சையின் போக்கைச் சளியில் மைக்ரோஸ்கோப், கல்ச்சர் வழியாகத்தான் பார்ப்பார்கள். முன்பு டி.பி. வந்து குணமானவர் மறுபடி சோதனைக்குப் போகிறார் என்றால், அந்தப் பழைய கதையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அறிகுறியே இல்லாதவர்களிடம் நோயைத் தேட இது உதவுமா?

காசநோய்க் கணக்கெடுப்புகளில் பிடிபடும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருமல் போன்ற அறிகுறி எதுவும் இருப்பதில்லை. இருமலே இல்லாதவரிடம் சளி கேட்பது எப்படி? இங்கேதான் ஸ்வாபின் மீது கண் போகிறது. இங்கேதான் அதன் திறனும் குறைகிறது, ஏனென்றால் இவர்களிடம் கிருமி குறைவு. அதனால் ஸ்வாபை முதல் வடிகட்டியாக வைக்காமல், முதலில் எக்ஸ்ரே எடுத்து, அதில் சந்தேகம் வருகிறவர்களிடம் சளியும், சளி வராதவர்களிடம் ஸ்வாபும் எடுப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நாக்கில் கிருமி இருக்கிறது என்றால் எச்சில் தட்டு, டம்ளர், முத்தம் வழியாகப் பரவுமா?

இந்தச் சோதனையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பயமும் கூடவே வருகிறது. பரவாது. இருமும்போதும் பேசும்போதும் வெளியேறி, காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துளிகள் நுரையீரலின் அடியாழம்வரை போய்ச் சேர்ந்தால்தான் தொற்று உண்டாகும். தட்டில் ஒட்டியிருக்கும் எச்சில் அங்கே போய்ச் சேராது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்குவதில் மருத்துவப் பயன் ஒன்றும் இல்லை. மனதை நோகடிப்பதுதான் மிச்சம்.

நான் போகும் இடத்தில் இதைக் கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு நாட்டின் காசநோய்த் திட்டமும் எந்த மாதிரியை, எந்த இயந்திரத்தில், யாருக்குப் பயன்படுத்தலாம் என்று தனித்தனியாக முடிவு செய்கிறது. அந்த விதிகளும் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கீகாரம் "நாக்கு ஸ்வாப்" என்பதற்குப் பொதுவாகக் கிடைப்பதல்ல. இந்தக் குச்சி, இந்தத் திரவம், இந்த இயந்திரம் என்ற கூட்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே சளிக்கென்று அனுமதி பெற்ற கார்ட்ரிட்ஜில் (மாதிரியை ஊற்றி இயந்திரத்துக்குள் வைக்கும் சிறு பெட்டி) யாராவது தன்னிஷ்டத்துக்குக் குச்சியைப் போட்டால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

"ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டி.பி. சொல்கிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வகைச் சோதனைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

முடிவு வரும்வரை வீட்டில் எப்படி இருப்பது?

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கூட்டமான, காற்றோட்டமில்லாத அறையில் மற்றவர்களோடு இருக்கும்போது முகக்கவசம் அணியுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள். முடிந்தால் தனியாகத் தூங்குங்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் சோதிக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள். இதற்கிடையில் எப்போதாவது உண்மையாகவே கெட்டியான சளி வந்தால், அதை வீணாக்காமல் சுத்தமான டப்பாவில் பிடித்து இறுக மூடி, அன்றைக்கே சோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். குச்சி எடுத்தாகிவிட்டது என்று அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள்.